சேலத்திலிருந்து ஏற்காடு: ஏரி, மலை, ஒரு பகல், ஒரு சைக்கிள்

கேள்வி இது: கையில் இருப்பது 21 கியர் ஹைப்ரிட் சைக்கிள், ரிம்மை இரு பக்கமும் ரப்பர் கட்டை அழுத்தும் சாதாரண வி-பிரேக். சமதளத்தில் 40 கிலோமீட்டர் வரை ஓட்டிப் பழக்கம். விடியற்காலையில் மூக்கனேரியில் தொடங்கி, ஏற்காடு ஏரியும் சேர்வராயன் கோயிலும் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் சேலம் திரும்ப முடியுமா? எந்தப் பாதையில் ஏறி எந்தப் பாதையில் இறங்குவது? சைக்கிளில் எதை மாற்ற வேண்டும்?

முடியும். சமதளத்தில் 40 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் ஒன்றிரண்டு மாதம் ஒழுங்காகப் பழகினால் தாராளமாக முடியும். ஆனால் கேட்பவர்கள் எல்லோரும் ஏற்றத்தை நினைத்துத்தான் கவலைப்படுகிறார்கள். ஏற்றத்தில் நடக்கக்கூடிய மோசமான காரியம், இறங்கித் தள்ளிக்கொண்டு போவது. அதில் யாருக்கும் எலும்பு முறிந்ததில்லை. கவலைப்பட வேண்டியது இறக்கத்துக்கு. அதனால் பணம் செலவு செய்வதாக இருந்தால் முதலில் பிரேக்குக்குச் செய்யுங்கள், கியருக்கு அடுத்து.

முதலில் கணக்கு. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர். சேர்வராயன் கோயில் 1,623 மீட்டர், அதாவது 5,326 அடி. இரண்டுக்கும் நடுவே 1,340 மீட்டர் உயர வித்தியாசம். இதில் பெரும்பகுதி அடிவாரத்துக்கும் ஏற்காடு ஊருக்கும் இடையிலான 20 கிலோமீட்டர் சொச்சத்தில், 20 கொண்டை ஊசி வளைவுகளில் வந்துவிடுகிறது. சராசரி சரிவு சுமார் 5 விழுக்காடு. நூறு மீட்டர் போனால் ஐந்து மீட்டர் உயர்வோம். இமயமலைப் பாதைகளில் ஓட்டியவர்கள் இதைச் சாதாரணம் என்பார்கள். பழகாத தொடைக்கு இரண்டு மணி நேரம் விடாமல் 5 விழுக்காடு என்பது சாதாரணம் இல்லை.

75 கிலோ எடையுள்ள ஆள், 15 கிலோ சைக்கிளும் சாமானும் என்று வைத்தால், இந்தச் சரிவில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தைப் பிடிக்க ஏறத்தாழ 140, 150 வாட் தேவை. ஓரளவு பழகிய ஆளால் இரண்டு மணி நேரம் அதைக் கொடுக்க முடியும். அதே வாட்டை எந்தக் கியரில் கொடுக்கிறோம் என்பதில்தான் முழங்காலின் விதி இருக்கிறது. 21 கியர் சைக்கிள்களில் முன்பக்கச் சின்னப் பல்சக்கரம் பெரும்பாலும் 24 அல்லது 28 பல், பின்பக்கப் பெரிய சக்கரம் 28 பல். முன்னால் 28, பின்னால் 28 என்றால் பெடல் ஒரு சுற்று சுற்றினால் சைக்கிள் 2.1 மீட்டர் நகரும். 10 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 80 சுற்று வரும். அது மிக நல்ல நிலை. சரிவு கூடி வேகம் 7-க்கு இறங்கினாலும் 55 சுற்று கிடைக்கும். இதே ஏற்றத்தை முன்னால் 44, பின்னால் 18 பல் உள்ள சாதா சைக்கிளில் ஏறினால் நிமிடத்துக்கு 33 சுற்றுதான். ஒவ்வொரு மிதியும் படிக்கட்டில் மூட்டை தூக்குவது போல இருக்கும், முழங்கால் முன்பக்கம் வலிக்கத் தொடங்கும். ஆக, உங்கள் கியர் போதும். ரோடு பைக் என்னும் மெல்லிய டயர் சைக்கிள் வைத்திருக்கிறவர்கள்தான் கவனிக்க வேண்டும்: முன்னால் 34, பின்னால் 28 இருந்தால் சமாளிக்கலாம், பின்னால் 25 பல்லோடு நின்றுவிட்டால் 32 அல்லது 34 பல் உள்ள கேசட் (பின் பல்சக்கரத் தொகுதி) மாற்றிக்கொள்வது நல்லது. மாற்றும்போது, செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் பின் டெரெய்லர் அத்தனை பெரிய பல்லைத் தாங்குமா என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். செயினை இழுத்துப் பிடிக்கும் கூண்டு குட்டையாக உள்ள டெரெய்லர் பல வகைகளில் தாங்காது. செயினும் நீளம் போதாமல் போகும்.

கிளம்பும் முன் ஒரு சின்ன ஏற்றத்தில் முன்னால் மிகச் சின்னது, பின்னால் மிகப் பெரியது என்ற கியருக்கு மாற்றிப் பாருங்கள். பல சைக்கிள்களில் அந்தக் கியர் வாங்கிய நாளிலிருந்து தொடப்படாமலேயே இருக்கும். சரிசெய்யும் திருகு தப்பாக இருந்தால் செயின் பெரிய பல்லைத் தாண்டிப் போக்ஸ் கம்பிகளுக்கு நடுவே விழும். சமதளத்தில் இது எரிச்சல். மலையில் கம்பி அறுந்து சக்கரம் கோணிவிட்டால் அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது. சீட் உயரத்தையும் பாருங்கள். குதிகாலை பெடலில் வைத்து, பெடல் கீழே இருக்கும்போது கால் முழுதாக நீள வேண்டும். நம் ஊரில் பத்துக்கு எட்டுப் பேர் சீட்டைத் தாழ வைத்துக்கொண்டு முழங்கால் வலிக்கிறது என்பார்கள்.

காலை 5.30 மணிக்குக் கண்ணங்குறிச்சி மூக்கனேரிக் கரையில் தொடங்கலாம். சேர்வராயன் மலையில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கி, மேலே இருக்கும் புது ஏரியை நிறைத்து இங்கே வருகிறது. 2010 வாக்கில் மக்கள் சேர்ந்து தூர்வாரி, அள்ளிய மண்ணை நடுவில் திட்டுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். காலையில் அந்தத் திட்டுகளில் நீர்ப்பறவைகளைப் பார்க்கலாம். ஏரியைப் பார்த்துவிட்டு மலைக்குப் போவது அந்தத் தண்ணீர் வந்த வழியிலேயே ஏறுவதுதான். ஆனால் கரையில் மண்பாதையில் ஓட்ட வேண்டாம். கருவேல முள்ளும் நெருஞ்சியும் டயரில் ஏறினால் உடனே தெரியாது. மெதுவாகக் காற்று இறங்கி ஏழாவது எட்டாவது வளைவில்தான் தெரியவரும். தார்ச்சாலை ஓரத்தில் நிறுத்தி, நடந்து போய்ப் பாருங்கள். திரும்பி வந்ததும் இரண்டு டயரையும் ஒரு சுற்று கண்ணால் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பனமரத்துப்பட்டி ஏரியையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்பதுண்டு. அது நேர் எதிர்த் திசை, ஊருக்குத் தெற்கே. நீர்ப்பரப்பைச் சீமைக் கருவேலம் பெரிதும் அடைத்துவிட்ட ஏரி. மலையேறும் நாளில் வேண்டாம், தனியாக ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூக்கனேரியிலிருந்து அஸ்தம்பட்டி வந்து, கோரிமேடு வழியாக அடிவாரம். இந்தத் தூரம் லேசான ஏற்றம்தான், கண்ணுக்குச் சமதளம் போலத் தெரியும். இங்கேயே வேகம் காட்டுகிறவர்கள்தான் மேலே திணறுகிறார்கள். அடிவாரத்தில் ஐந்து நிமிடம் நின்று, இரண்டு தண்ணீர்ப் பாட்டிலையும் நிரப்பி, ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். 6.45-க்குள் ஏற்றம் தொடங்கிவிட்டால் பேருந்தும் சுற்றுலா வேனும் கூடுவதற்கு முன் பாதி மலை கடந்துவிடும்.

ஏறும்போது ஒரே விதி: பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் மூச்சு வாங்காமல் பேச முடிய வேண்டும். முதல் மூன்று நான்கு வளைவுகளில் இதை மீறினால், பதின்மூன்றாவது பதினான்காவதில் கால் இழுக்கும். வளைவுகளுக்கு எண் போட்டிருக்கிறார்கள். அதை எண்ணிக்கொண்டு ஓட்டுவது உற்சாகம்தான். ஆனால் வளைவுகள் சம இடைவெளியில் இல்லை, பத்தாவது வந்தால் பாதித் தூரம் வந்துவிட்டது என்று கணக்குப் போட வேண்டாம்.

வளைவில் ஏறுவதற்கு ஒரு நுணுக்கம் உண்டு. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். சாலை இடப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசியில் நாம் உள்வட்டத்தில் இருப்போம். அங்கே தூரம் குறைவு, உயரம் அதேதான், ஆகவே சரிவு சட்டென்று செங்குத்தாகும். வலப்பக்கம் திரும்பும் வளைவில் வெளிவட்டம், சரிவு சாதாரணமாகிவிடும், கால் கொஞ்சம் ஓய்வெடுக்கும். எனவே இடது வளைவுக்கு 15, 20 மீட்டர் முன்பே ஒரு கியர் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் போய், முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் பல்லில் ஏறாமல் வழுக்கும், சில நேரம் அறுந்தும் போகும். பேருந்து ஏறுகிற சத்தம் பின்னால் கேட்டால் வளைவுக்குள் நுழையாமல் முன்பே ஓரமாக நின்றுவிடுங்கள். நீளமான பேருந்து திரும்பும்போது பின்சக்கரம் உள்வட்டத்தை முழுக்க அறுத்துக்கொண்டு வரும், அங்கே சைக்கிளுக்கு இடமே இருக்காது.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர். ஒரு பாட்டில் வெறும் நீர், இன்னொன்றில் ஓ.ஆர்.எஸ். அல்லது உப்புப் போட்ட மோர். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவு நீரில்தான் கரைக்க வேண்டும். ஒரு லிட்டர் பொட்டலத்தை அரை லிட்டரில் கரைத்துக் குடித்தால் தாகம் கூடும், வயிறும் கலங்கும். சாப்பாடு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து: ஒரு பெரிய மோரிஸ் பழத்தில் ஏறத்தாழ 25 கிராம் இருக்கும், கூட ஒரு கடலை மிட்டாய் போதும். பசி எடுத்த பிறகு சாப்பிட்டால் தாமதம். முக்கால் மணிக்கு ஒரு முறை கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுங்கள். சாப்பிட நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் கஷ்டம். வளைவுகளில் குரங்குகள் காத்திருக்கும், ஹேண்டில் பார் பையில் ஜிப் திறந்திருந்தால் பழம் உங்களுடையது இல்லை. சைக்கிளை விட்டு நாலடி தள்ளிப் போக வேண்டாம்.

ஒன்பது, ஒன்பதரைக்கு ஏற்காடு ஏரி. டிபன் சாப்பிட்டுவிட்டு உடனே சேர்வராயன் கோயிலுக்குப் போவதுதான் நல்லது. உட்கார்ந்து கால் விறைத்த பிறகு மீண்டும் ஏறுவது கொடுமை. கோயில் ஏரியிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர், காப்பித் தோட்டங்களுக்கும் சில்வர் ஓக் மரங்களுக்கும் நடுவே ஏறி இறங்கிப் போகும் சாலை. குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும். மலைவாழ் மக்களுக்கு இது குலதெய்வம். மே மாதத் திருவிழாவில் சைக்கிளுக்கு அங்கே இடமிருக்காது. மேலே பரந்த திறந்தவெளி, காற்று பலமாக அடிக்கும். வியர்த்த உடம்போடு நிற்காதீர்கள். ஆயிரம் மீட்டருக்கு ஆறு ஆறரை டிகிரி வீதம் வெப்பம் குறைவதால் சேலத்தில் 30 டிகிரி இருக்கும்போது இங்கே 21, 22-தான்.

கால் மிச்சமிருந்தால் பகோடா பாயிண்ட் போகலாம், அயோத்தியாப்பட்டணம் பக்கத்துச் சமவெளி கீழே விரிந்து கிடக்கும். லேடீஸ் சீட்டில் நாம் ஏறி வந்த வளைவுகளை மேலிருந்து பார்க்கலாம்; மேகமில்லாத நாளில் மேட்டூர் அணைத் தண்ணீரும் தெரியும். கிளியூர் அருவியை முதல் பயணத்தில் விட்டுவிடுங்கள்: அருவிக்கு நடந்து இறங்கி ஏற வேண்டும், ஏற்கெனவே களைத்த தொடைக்கு அந்தப் படிகள் தேவையில்லை. ஏற்காட்டைச் சுற்றிவரும் 32 கிலோமீட்டர் லூப் ரோடும் அப்படித்தான். அருமையான சாலை, ஆனால் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும். அதற்கென்று ஒரு இரவு மேலே தங்குகிறவர்களுக்கு உரியது. இந்தப் பகலில் அதைத் திணித்தால் இறக்கம் இருட்டில் வரும்.

இனி இறக்கம். 90 கிலோ மொத்த எடை ஆயிரம் மீட்டர் இறங்கினால் வெளியேறும் ஆற்றல் ஏறத்தாழ 880 கிலோ ஜூல். இரண்டரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு. ஒரு பகுதியைக் காற்று எடுத்துக்கொள்ளும், மீதியை உங்கள் நான்கு பிரேக் கட்டைகளும் இரண்டு ரிம்களும் தாங்க வேண்டும். கட்டை வழவழப்பாகி இருந்தாலோ, அதில் போட்டிருக்கும் பள்ளக்கோடு தேய்ந்து மறைந்திருந்தாலோ கிளம்பும் முன்பே மாற்றிவிடுங்கள். நான்கையும் மாற்றினாலும் ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுக் காசுதான். கட்டைக்கும் ரிம்முக்கும் இடைவெளி இரண்டு மில்லிமீட்டர் போதும். கையால் பிடிக்கும் பிரேக் நெம்புகோலை முழுக்க அழுத்தினாலும் ஹேண்டில் பாருக்கும் அதற்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். தொட்டுவிட்டால் கேபிளை இழுத்துக் கட்டுங்கள். கட்டை டயரில் உரசுகிறதா என்று ஒரு முறை பாருங்கள். சில மில்லிமீட்டர் மேலே ஏறியிருந்தால் இறக்கத்தில் டயரின் பக்கச்சுவரை அறுத்துவிடும். டிஸ்க் பிரேக் சூட்டை நன்றாகத் தாங்கும், ஆனால் கேபிள் டிஸ்க்கில் கட்டை தேயத் தேய நெம்புகோல் உள்ளே போகும். நடுவழியில் திருகித் தர ஐந்து மில்லிமீட்டர் ஆலன் கீ கையில் இருக்கட்டும். இறங்கியதும் டிஸ்க் தட்டைத் தொட வேண்டாம், தோல் ஒட்டிக்கொள்ளும்.

தொடர்ச்சியாக லேசாக அழுத்திக்கொண்டே இறங்குவதுதான் பலர் செய்யும் தவறு. ரிம் குளிர நேரமே கிடைப்பதில்லை, சூடு டியூபுக்குப் போகிறது. பஞ்சர் ஒட்டிய டியூபாக இருந்தால் பசை இளகி ஒட்டு பெயர்ந்துவிடும். அதனால் மலைக்குப் போகும் நாளில் ஒட்டுப்போட்ட டியூப் வேண்டாம், ஒட்டியதை உதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். நேரான பகுதியில், முன்னால் தெளிவாகத் தெரிந்தால், பிரேக்கை முழுக்க விட்டு மணிக்கு 25, 30 வரை போகவிட்டு, நிமிர்ந்து உட்காருங்கள். நெஞ்சில் அடிக்கும் காற்றே பாதி பிரேக். வளைவுக்கு 30 மீட்டர் முன்பு இரண்டு பிரேக்கையும் அழுத்தி 10, 12-க்குக் கொண்டு வாருங்கள். வளைவுக்குள் பிரேக் இல்லாமல் திரும்புங்கள். சாய்ந்திருக்கும்போது முன்பிரேக்கை இறுக்கினால், ஓரத்தில் மணல் கிடந்தால், சக்கரம் வழுக்கி விழுவீர்கள். ஐந்து ஆறு வளைவுக்கு ஒரு முறை நின்று புறங்கையை ரிம் அருகே கொண்டு போய்ப் பாருங்கள். வைத்திருக்க முடியாத சூடு என்றால் ஐந்து நிமிடம் காத்திருங்கள். தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்க வேண்டாம்.

மலைப்பாதையில் ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. ஏறி வரும் பேருந்து வளைவில் உங்கள் பக்கத்துக்கும் வரும், அதற்கு வேறு வழி இல்லை. வளைவுக்கு முன்பே மணி அடித்து, சத்தம் கேட்டால் ஓரமாக நின்று அதை விடுங்கள். மழையிலும் பனிமூட்டத்திலும் ரிம் பிரேக் உடனே பிடிக்காது. முதல் இரண்டு மூன்று சுற்றில் கட்டை தண்ணீரைத்தான் துடைக்கும். எனவே 30 மீட்டரை 60 ஆக்குங்கள், பின்னால் சிவப்பு விளக்கைப் பகலிலும் எரியவிடுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் தோட்டத்து வண்டிகள் சாலைக்கு மண் இழுத்து வரும். ஈரமான நாளில் அது சோப்புக்குச் சமம்.

எந்தப் பாதையில் இறங்குவது என்ற கேள்விக்கு என் பதில்: வி-பிரேக் வைத்து முதல் முறை வருகிறவர் ஏறிய வழியிலேயே அடிவாரத்துக்கு இறங்குங்கள். அகலமான சாலை, காலையில் பார்த்த அதே வளைவுகள். கொட்டச்சேடு வழியாகக் குப்பனூர் இறங்கும் பாதை அழகானது, வண்டி குறைவு. ஆனால் சில இடங்களில் அதிகச் செங்குத்து, குறுகலும் கூட. டிஸ்க் பிரேக் இருந்தால், அல்லது இரண்டாவது முறை வருகிறவராக இருந்தால் அதில் இறங்கலாம். குப்பனூரிலிருந்து வீராணம் வழியாகவோ அயோத்தியாப்பட்டணம் வழியாகவோ சேலம். மொத்தம் நாளுக்கு 85, 90 கிலோமீட்டர் வரும். கோடை விழா நாட்களில் வண்டிகள் அடிவாரம் வழியாக ஏறி, குப்பனூர் வழியாக இறங்கும்படி ஒருவழிப் பாதையாக்குவார்கள். அந்த நாட்களில் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. மே மாதத்தையும் நீண்ட விடுமுறைகளையும் தவிர்க்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை சிறந்த காலம். ஏப்ரல், மே மற்றும் செப்டம்பர், அக்டோபரில் பிற்பகல் இடிமழை வரும், மதியம் 1.30-க்குள் இறங்கத் தொடங்கிவிட வேண்டும். பெரிய மழைக்கு அடுத்த நாட்களில் போகவே வேண்டாம்: 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் இந்த மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது.

பையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. இரண்டு உதிரி டியூப், டயர் நெம்பி, ஒட்டும் சாமான், கைப்பம்பு, நான்கு ஐந்து ஆறு மில்லிமீட்டர் ஆலன் கீ, செயின் இணைப்பு ஒன்று, ஒரு ஜோடி பிரேக் கட்டை, காற்றுத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட். ஜாக்கெட் மறந்தால் இரண்டு தாள் செய்தித்தாளைச் சட்டைக்குள் நெஞ்சில் விரித்துக்கொள்ளுங்கள், இறக்கம் முழுக்கக் குளிர் தெரியாது. உங்கள் டியூபில் மெல்லிய பிரெஸ்டா வால்வு இருந்தால் பெட்ரோல் பங்க் காற்று ஏறாது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்று வாங்கி வால்விலேயே மாட்டி வையுங்கள். 32 மில்லிமீட்டர் டயருக்கு 75 கிலோ ஆள் என்றால் பின்னால் 65, முன்னால் 60 பி.எஸ்.ஐ. போதும். கல்லாகக் காற்றடித்தால் வேகம் கூடாது, வளைவில் பிடிமானம்தான் குறையும்.

பழகுவதற்கு மலை தேவையில்லை. வாரம் இரண்டு நாள் ஒரு மணி நேரம் பேச முடிகிற வேகத்தில், ஒரு நாள் நீளமாக 50, 60 கிலோமீட்டர். நீளமான நாளுக்கு ஓமலூர், மேச்சேரி வழியாக மேட்டூர் சரியான பாதை. போனால் ஏறத்தாழ 50 கிலோமீட்டர், 1934-ல் கட்டி முடித்த அணையையும் 120 அடி நீர்மட்டம் தாங்கும் நீர்த்தேக்கத்தையும் பார்த்துவிட்டுப் பேருந்திலோ வேனிலோ திரும்பலாம். அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்திலிருந்து ஆறேழு வளைவு மட்டும் ஏறி இறங்கிப் பாருங்கள். ஏற்றத்தில் மூச்சு எப்படி இருந்தது என்பதைவிட, கீழே வந்து கட்டை எவ்வளவு தேய்ந்திருக்கிறது, கை விரல் வலிக்கிறதா என்று பாருங்கள். விரல் வலித்தால் நெம்புகோல் உங்கள் கைக்குத் தூரமாக இருக்கிறது. பெரும்பாலான நெம்புகோலில் அதற்கென்று ஒரு சின்னத் திருகு உண்டு, இரண்டு சுற்று உள்ளே திருப்பினால் கைக்கு எட்டும். திருப்பிய பிறகு அந்த இரண்டு விரல் இடைவெளியை மறுபடி சரிபாருங்கள்.